இரண்டு ஊருக்கு ஒரு கிடங்கு

இம்ஸூர்
6 மார்ச் 1997

என் அன்புத் தம்பி ஸாயிதுக்கு,

உனக்கும் உன் வீட்டுக்கும் இறைவன் அமைதியைத் தரட்டும். உன் இருமல் நின்றதா? உன் பெண்டாட்டி ரபீஆவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். முழங்கால் மட்டும் பனி விழுந்தால் பேச ஆரம்பிக்கும், வெயில் வந்தால் வாயை மூடிக்கொள்ளும்.

சந்தை லாரி ஓட்டும் மிமூனிடம் நீ கொடுத்தனுப்பிய அக்ரூட் மூட்டை வந்தது. பாதியை அவன் வழியிலேயே தின்றிருப்பான் என்று நினைத்தேன், கால்வாசிதான் தின்றிருக்கிறான். மிக்க நன்றியடா.

இங்கே சந்தையில் ஒரே பேச்சு. உங்கள் தஃபேலா ஊராட்சியும் எங்கள் இம்ஸூர் ஊராட்சியும் சேர்ந்து ஆப்பிளுக்குக் குளிர்பதனக் கிடங்கு கட்டப் போகிறார்களாம். ஆற்றின் இரண்டு கரையும் சேர்ந்து ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்திலேயே இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனிப் பந்தியில்தான் உட்கார்ந்தார்கள். நீ அங்கே ஊராட்சிச் செயலாளர், உனக்குத் தெரியாமல் ஒரு காகிதம் நகராது. உண்மையா என்று எழுது.

உண்மை என்றால் இறைவனுக்கு நன்றி சொல்லி மூன்று நாள் நோன்பு வைப்பேன். மறைந்த உன் மாமா கல்யாணத்தில் மஹராக எழுதிக் கொடுத்த என் அறுபது மரமும் அக்டோபரில் ஒரே வாரத்தில் பழுத்துத் தொலைக்கின்றன. வியாபாரி வருவான், மரத்தைப் பார்க்க மாட்டான், வானத்தைப் பார்ப்பான். "மழை வர்ற மாதிரி இருக்கேம்மா" என்பான். அவன் சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். கிடங்கு வந்துவிட்டால் பிப்ரவரி வரை நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் வந்து என் முகத்தைப் பார்க்கட்டும்.

எந்தக் கரையில் கட்டினாலும் எனக்கு ஒன்றுதான். ரபீஆவை முதுகில் சூடு படும்படி வெயிலில் உட்காரச் சொல்.

உன் அக்கா,
யெத்தோ


தஃபேலா
20 மார்ச் 1997

மதிப்புக்குரிய அக்காவுக்கு, தங்கள் கையை முத்தமிட்டுத் தம்பி எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சுகம். இருமல் போய்விட்டது. தங்கள் முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்புத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அதை மிமூன் தின்ன மாட்டான் என்ற நம்பிக்கை இருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். தலைநகர் ரபாத்திலிருந்து புதிய திட்டம் வந்திருக்கிறது. ஓர் ஊராட்சி தனியாகக் கேட்டால் ஒன்றும் கிடையாது. இரண்டு ஊராட்சிகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து கேட்டால் கட்டடச் செலவில் பெரும்பகுதியை மாகாணம் கொடுக்கும். டிசம்பர் முடிவதற்குள் இடத்தைக் காட்டிப் பத்திரத்தைக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அது பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். அவர்கள் இப்போதே எங்களை அன்போடு விசாரிக்கிறார்கள்.

முதல் கூட்டம் போன செவ்வாய் நடந்தது. எங்கள் தலைவர் ஹாஜ் தாவூதும் உங்கள் தலைவர் பென்னாசரும் அரை மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய கிடங்கு, யார் சாவி வைப்பது, யாருடைய பழம் முதலில் உள்ளே போவது எல்லாம் முடிந்தது. நான் இருபது வருடம் வேலை பார்த்தாலும் இப்படி ஒரு கூட்டம் பார்க்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே பேனாவை மூடினேன். அப்போதுதான் கடைசியாக "எங்கே கட்டுவது" என்று யாரோ கேட்டார்கள்.

"இதென்ன கேள்வி? எங்க ஊர்லதான்" என்றார் ஹாஜ்.

"சரியாச் சொன்னீங்க, எங்க ஊர்லதான்" என்றார் பென்னாசர்.

பேனாவைத் திரும்பத் திறந்தேன். இரவுத் தொழுகை வரை மூட முடியவில்லை.

கவலைப்படாதீர்கள். இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. தங்கள் பிரார்த்தனையில் எங்களை நினையுங்கள்.

தங்கள் தம்பி,
ஸாயித்


இம்ஸூர்
1 மே 1997

தம்பி ஸாயிதுக்கு, பெருநாள் வாழ்த்து, தாமதமானாலும்.

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். தைலம் நன்றாக வேலை செய்கிறது. தடவிய அன்றே மாடி ஏறினேன், உன்னை வாழ்த்திக்கொண்டே ஏறினேன்.

திங்கட்கிழமை இங்கே நடந்ததைச் சொல்கிறேன், அங்கே நடந்ததை நீ எழுது. பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். மேல்பாதை வழியாக உங்கள் ஹாஜ் தாவூத் பத்துப் பேரோடு ஒரு காளைக்கன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். நேரே பென்னாசர் வீட்டு வாசல். பிஸ்மில்லா சொல்லி அறுத்துவிட்டார்கள்! "இது உங்க வாசலுக்கு எங்க கன்னு. கிடங்கை எங்க கரையில கட்ட சம்மதிக்கணும், வேற எதுவும் கேக்கலை" என்று ஹாஜ் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உங்கள் ஊர்க்காரர்களுக்கு நெஞ்சழுத்தம்தான். வாசலில் ரத்தம் விழுந்தபின் மறுக்கிற வீடு நம் மலையில் எங்கே இருக்கிறது? மறுத்தால் அவன் பெண்ணை எவன் கட்டுவான்?

ஆனால் பென்னாசர் வீட்டில் இல்லை. அவர் மனைவி ஃபாதிமா மாவு பிசைந்த கையோடு வெளியே வந்தாள்.

"அவர் இல்லையே."

"எங்க போயிருக்கார்?"

"உங்க வீட்டுக்குத்தான். ராத்திரியே ஆத்துப்பாதையில ஒரு கடாவ இழுத்துக்கிட்டுப் போனார்."

ஹாஜின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஃபாதிமாதான் கடைசியில் சொன்னாள்: "விழுந்த ரத்தத்த நான் திரும்ப எடுக்கவா முடியும்? குடுத்தாச்சுன்னு வச்சுக்கங்க. முதல்ல வாசலக் கழுவிட்டுப் போங்க." பத்து ஆண்பிள்ளைகள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூரையில் நின்று பார்த்தோம்.

கன்றுக்கறி எல்லா வீட்டுக்கும் வந்தது. எனக்கும் ஒரு பங்கு. நம் பிறந்த ஊர்க் கறி என்று சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

அக்கா,
யெத்தோ


தஃபேலா
22 மே 1997

அன்புள்ள அக்கா, தங்கள் நலத்துக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் துஆ செய்கிறோம்.

இங்கேயும் அதேதான். பென்னாசர் வந்தபோது ஹாஜின் வாசலில் அவருடைய மகள்கள் மட்டும் இருந்தார்கள். கடாவை அறுத்துவிட்டு, கிடங்கு இம்ஸூர் கரையில்தான் வர வேண்டும் என்று கேட்டுவிட்டு, ஆற்றுப்பாதையிலேயே திரும்பிவிட்டார். ஹாஜ் மேல்பாதையில் திரும்பினார். வழியில்கூட ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. போகும்போதே பார்த்திருந்தால் ஒரு கன்றும் ஒரு கடாவும் உயிரோடு இருந்திருக்கும்.

இப்போது நிலைமை இதுதான். இரண்டு வாசலிலும் ரத்தம் விழுந்திருக்கிறது. இருவரும் மற்றவர் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். நேற்றைய கூட்டத்தில் நான் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்.

"கிடங்கு இம்ஸூர்லதான். நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் ஹாஜ்.

"என்ன பேசறீங்க? என் வாசல்ல கன்னு அறுத்துட்டு இப்ப எங்க ஊர்லயே கட்டச் சொன்னா என் மானம் என்னாகும்? தஃபேலாலதான்" என்றார் பென்னாசர்.

"அப்ப உங்க கடா?"

"அப்ப உங்க கன்னு?"

இரண்டு மாதத்துக்கு முன்பு எங்க ஊர் எங்க ஊர் என்று மேசையைத் தட்டிய அதே கைகள் இப்போது உங்க ஊர் உங்க ஊர் என்று தட்டுகின்றன. அரசாங்கத்தின் வட்டார அதிகாரியான காயித் புதிதாக வந்தவர், கடற்கரை நகரத்துப் பிள்ளை. என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏன் சார், யாராவது ஒருத்தர் ஜெயிச்சா போதாதா?" என்று கேட்டார். போதாது, ஜெயிக்கிறவர் வாக்குத் தவறியவர் ஆகிவிடுவார் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, எல்லையிலேயே கட்டுங்கள் என்றார். எல்லையே ஆறுதான். மார்ச் வெள்ளத்தில் பழமும் கிடங்கும் சேர்ந்து கடலுக்குப் போகும் என்று விளக்கினேன்.

சிரிக்கத்தான் எழுதினேன். தங்கள் பழத்தை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. எப்படியாவது ஒரு வழி பிறக்கும்.

தங்கள்,
ஸாயித்


இம்ஸூர்
17 ஜூலை 1997

தம்பி,

நீயும் வீட்டாரும் சுகமா? பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நெருக்கமான காயைக் கலைக்கிற வேலை, தண்ணீர் முறை, அப்படியே போய்விட்டது.

கல்மழை எங்களைத் தொடாமல் மலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது, இறைவனுக்கு நன்றி. இந்த வருடம் கிளை ஒடியும் அளவுக்குக் காய். முட்டுக் கொடுக்கக் கம்பு வெட்டிப் போட்டிருக்கிறேன். மாமாவின் தம்பி கத்தூர் அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போகிறார். வேலியைச் சரி செய்ய வேண்டுமாம், கயிறு பிடித்து அளந்தார். உதவிதான்.

பறிப்புக்கு முடிந்தால் நீயும் வா. அடுத்த வருடம் எப்படியோ, இந்த வருடம் நீ வந்து நம் மரத்துப் பழத்தை உன் கையால் பறித்தால் எனக்கு நிம்மதி.

ஊராட்சிக் கூட்டம் எப்படிப் போகிறது? இங்கே பென்னாசர் தாடியைச் சொறிந்துகொண்டே இருக்கிறார்.

அக்கா


தஃபேலா
14 ஆகஸ்ட் 1997

அக்காவுக்கு, சலாம்.

எங்கள் நலத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன். வேலியைச் சரி செய்ய யாராவது தோட்டத்தின் நீள அகலத்தை அளப்பார்களா?

மிமூன் நேற்று என் அலுவலகத்துக்கே வந்தான். தேநீரில் நான்கு கட்டி சர்க்கரை போட்டுக்கொண்டு சொன்னான்: "உங்கக்கா உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். கத்தூர் தோட்டத்தக் கேக்கறார். வருஷக் கடைசி வரைக்கும் பொறுங்க, கிடங்கு வந்தா தர மாட்டேன், வரலைன்னா எடுத்துக்கங்கன்னு உங்கக்கா சொல்லிட்டாங்க. அவர் வீட்ல பின்கட்டுல ஒரு ரூம் தர்றாராம். மாட்டுக்குப் பக்கத்து ரூம்."

அக்கா, மூன்று வருடம் வியாபாரி விலைக்கு விற்று, உரத்துக்கும் ஆள் கூலிக்கும் கட்டவில்லை என்று எனக்கு ஏன் ஒரு வரி எழுதவில்லை? ஆறு வயதில் தாயில்லாமல் நின்றவனைப் புருஷன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பதின்மூன்று வருடம் வளர்த்தீர்கள். மாமா உங்களுக்கும் எனக்கும் ஒரே பலகையில் எழுத்துக் கற்றுக் கொடுத்தார். உங்களுக்குக் கஷ்டம் என்று நான் லாரி டிரைவரிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டுமா?

என்னால் முடிந்ததை அனுப்புகிறேன். இங்கே அப்பாவின் ஆற்றுத்துறை வயலில் இந்த வருடம் பார்லி நன்றாக விளைந்தது. அந்த வயலைப் பற்றி

அதைப் பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸாயித்


இம்ஸூர்
4 செப்டம்பர் 1997

தம்பி ஸாயித், இறைவன் உன்னை நல்லபடி வைக்கட்டும்.

மிமூனின் வாயை ஒரு நாள் தைக்கப் போகிறேன். அவன் சொன்னது உண்மை. கத்தூர் கெட்டவர் இல்லை. கிழவி ஒருத்தி ஏணி ஏறி விழுந்து சாகக் கூடாது என்பதும் அவர் எண்ணம்தான், மரத்தின் மேல் ஆசையும் இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் கிழவியா என்று நீ கோபப்படுவாய். அந்தப் பின்கட்டு அறையை நினைத்தால் எனக்கே எழுபது ஆகிவிடுகிறது. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன.

எதுவும் அனுப்பாதே. அனுப்புவேன் என்று நீ எழுதியதிலேயே வயிறு நிறைந்தது. எனக்கு வேண்டியது கிடங்கு. அவர்களுக்கு ஓர் இடம் கண்டுபிடித்துக் கொடு, போதும்.

போன வாரம் ஃபாதிமா வீட்டில் தேநீர் குடிக்கும்போது பென்னாசர் புலம்பினார். "தஃபேலா மண்ணுல இருக்கணும், ஆனா இம்ஸூர் ஆளோட நிலமா இருக்கணும். அப்படி ஒரு துண்டு இருந்தா ரெண்டு வாசலுக்கும் கடன் தீர்ந்திடும். அவங்க மண்ணுல கட்டினதால நான் குடுத்தவன். எங்க ஆளு நிலத்துல கட்டினதால ஹாஜ் குடுத்தவர். ஆனா அப்படி நிலம் எங்க இருக்கு?" என்றார். அப்படி ஒரு அதிசயம் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரபீஆவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
யெத்தோ


இம்ஸூர்
30 அக்டோபர் 1997

தம்பி,

நான் எழுதி எட்டு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? மிமூனைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கார், ஆனா என்னப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கிறார்" என்கிறான்.

பழம் பறித்தாயிற்று. வியாபாரி வந்தான், வானத்தைப் பார்த்தான், ஏற்றிக்கொண்டு போனான். நீ வரவில்லை, வேலை இருந்திருக்கும். உனக்காக நல்ல பழமாக ஒரு பெட்டி எடுத்து வைத்து மிமூனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால் மன்னித்துவிடு. நலம் என்று ஒரு வார்த்தை எழுது.

அக்கா


தஃபேலா
13 நவம்பர் 1997

அக்கா,

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். பெட்டி வந்தது. பழத்தைத் தொட மனம் வரவில்லை. இதை எழுதி முடித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று ரபீஆவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா இறந்த நாற்பதாம் நாளுக்குப் பிறகு வாரிசுப் பத்திரம் எழுத காஜி அலுவலகத்துக்குப் போனோம். ஒன்பது வருடம் ஆகிறது. சட்டப்படி பன்னிரண்டு சாட்சிகள். வாசலில் காத்திருந்தபோது பெரியப்பா மகன் ஹம்மாத் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "யெத்தோ பேர எதுக்குடா போடற? அவ இப்ப இம்ஸூர்க்காரி. நாளைக்கு நம்ம ஆத்துத்துறையில இம்ஸூர்க்காரன் ஏர் ஓட்டுவான், நீ வேடிக்கை பாப்பியா?" மற்றவர்களும் தலையாட்டினார்கள். இரண்டு ஊருக்கும் அப்போது தண்ணீர்ச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

உள்ளே எழுத்தர் கேட்டார், "மறைந்தவருக்குப் பிள்ளைங்க எத்தனை பேர்?" பன்னிரண்டு பேரும் ஒண்ணு என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். நானும் ஒன்று என்றேன். மாமா கற்றுக் கொடுத்த எழுத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மார்க்கச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று; ஆற்றுத்துறை வயலில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது. ஒன்பது வருடமாக அதையும் நான்தான் விதைத்து அறுத்துத் தின்கிறேன். ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு அக்ரூட் அனுப்பினேன். அதற்கு நீங்கள் நன்றி எழுதும்போதெல்லாம் எனக்கு என்ன ஆகும் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பென்னாசரின் பேச்சை நீங்கள் எழுதியிருந்தீர்கள். படித்த அன்றே அந்த நிலம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல பத்து வாரம் ஆயிற்று. போன வாரம் ஹாஜ் தாவூதிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர்.

"ஒன்பது வருஷமாத் தூங்கறத இப்ப ஏண்டா எழுப்பற? ஊர் உன்னக் காறித் துப்பும். என்னையும் சேத்து" என்று கத்தினார். நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் அவரே என் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "தூக்கம் வரல. வா, காஜிகிட்ட போவோம். நானும் வந்து பொய் சொன்னேன்னு சொல்றேன்" என்றார். உயிரோடு இருக்கிற எட்டு சாட்சிகளில் ஆறு பேர் வந்தார்கள். ஹம்மாத் வரவில்லை. காஜி வாரிசுப் பத்திரத்தைத் திருத்திவிட்டார்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். கிடங்குக்காக நான் இதைத் திருத்தவில்லை. அந்தப் பங்கு உங்களுடையது. கிடங்குக்குக் கொடுத்தாலும் சரி, பார்லி விதைத்தாலும் சரி, சும்மா போட்டாலும் சரி. யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் இருக்கிறேன்.

இனி என்னைத் தம்பி என்று எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

ஸாயித்


இம்ஸூர்
20 நவம்பர் 1997

தம்பி, தம்பி, தம்பி ஸாயிதுக்கு,

மூன்று முறை எழுதியிருக்கிறேன், போதுமா? முதலில் பழத்தைச் சாப்பிடு. அழுகிப்போகும், அதை வைக்கக் கிடங்கு இன்னும் கட்டவில்லை.

எனக்குத் தெரியும். நீ கையெழுத்துப் போட்ட அதே வாரம் தெரியும். சாட்சி சொன்னவர்களில் கொல்லர் உபாஹா மனசு கேட்காமல் சந்தையில் உன் மாமாவிடம் சொல்லிவிட்டார். உன் மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வழக்குப் போடுவேன் என்று கோவேறு கழுதைக்குச் சேணம் பூட்டினார். நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வழக்குப் போட்டால் எனக்கு வயல் கிடைக்கும், தம்பி போய்விடுவான் என்று சொன்னேன்.

கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நிறைய இருந்தது. முதல் மூன்று வருடம் நீ அனுப்பிய அக்ரூட்டில் ஒன்றைக்கூட நான் தின்னவில்லை. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு உனக்கு நன்றி என்று எழுதுவேன். நாலாவது வருடம் பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் ஒன்றை உடைத்துத் தின்றேன். நன்றாக இருந்தது. அப்படியே கோபம் குறைந்தது.

நிலம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நம் ஊரில் எந்தப் பெண் பங்கு கேட்டிருக்கிறாள்? ஒன்று என்று சொன்னாயே, அதுதான் உள்ளே முள்ளாகக் கிடந்தது. நீயாக வந்து சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன். பென்னாசர் பேச்சை எழுதும்போது, ஆழம் பார்க்கிறேனோ, தம்பியை நெருக்குகிறேனோ என்று இரண்டு தடவை கிழித்துப்போட்டேன். நீ எட்டு வாரம் எழுதாமல் இருந்தபோது எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். இப்போது நீயே சொல்லிவிட்டாய். இறைவனுக்கும் நன்றி, உனக்கும் நன்றி. ஹாஜ் தாவூதுக்கும் நான் சொன்னதாக நன்றி சொல், அந்த வயதில் 'பொய் சொன்னேன்' என்று காஜி முன்னால் நிற்பது லேசான காரியமில்லை.

என் பங்கைக் கிடங்குக்குத் தருகிறேன், வெள்ளம் ஏறாத மேட்டுப்பக்கமாக அளந்து கொடு. விற்கவில்லை, இரண்டு ஊராட்சிக்கும் சேர்த்துக் குத்தகை. ஒரு ஊர் விலகினால் நிலம் எனக்குத் திரும்பிவிடும் என்று எழுதச் சொல். சண்டை போடுவதற்கு முன்னால் இரண்டு பேரும் என் முகத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

உன்னை வளர்த்த அக்கா,
யெத்தோ


தஃபேலா
11 டிசம்பர் 1997

அன்புள்ள அக்கா,

பழம் சாப்பிட்டேன். மூன்று. அழுதுகொண்டே சாப்பிட்டதால் உப்புக் கரித்தது என்று ரபீஆ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நன்றி அக்கா. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

இரண்டு ஊராட்சி மன்றமும் ஒரே நாளில் தீர்மானம் போட்டுவிட்டன. ஹாஜும் பென்னாசரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உங்கள் நிபந்தனையைப் படித்ததும் ஹாஜ், "இவ பிறந்த ஊர்க்காரியா, புகுந்த ஊர்க்காரியா? ரெண்டு பேரையும் மிரட்டறாளே" என்றார். காயித் அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார், ரபாத்தில் யாருக்கோ காட்ட வேண்டுமாம்.

நான் நாளை மாகாண நகரத்துக்குப் போய் அங்கேயே தங்குகிறேன். பனி பாதையை மூடிவிட்டால் திரும்பி வந்து திரும்பிப் போக முடியாது. மற்றக் காகிதங்கள் எல்லாம் என் பையில். உங்கள் பத்திரம் மட்டும் பாக்கி. காஜியின் எழுத்தர்கள் 18ஆம் தேதி இம்ஸூருக்கு வந்து உங்களுக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குவார்கள். மிமூன் அதைக் கொண்டுவந்து என்னிடம் தருவான்.

பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்றுதான் வருத்தம். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு போங்கள்.

தம்பி ஸாயித்


இம்ஸூர்
18 டிசம்பர் 1997

என் தம்பிக்கு,

நகரத்தில் நல்ல சாப்பாடு கிடைக்கிறதா? அறையில் கணப்பு இருக்கிறதா? இங்கே முழங்கால் அளவு பனி. நான் நலம், மிகவும் நலம்.

இந்தக் கடிதத்தோடு பத்திரம் வருகிறது. உறையை ஒட்டி, மேலே துணி வைத்துத் தைத்து, மிமூனின் சட்டைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன். தின்ன முடியாத பொருள், பத்திரமாக வந்துவிடும். வாங்கிய உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிடு.

கத்தூர் மதியமே வந்தார். தோட்டம் தருவதாக இல்லை, அடுத்த அக்டோபரில் என் பழம் கிடங்குக்குப் போகிறது என்று சொன்னேன். தோட்டத்துப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அப்புறம், "எனக்கும் முப்பது பெட்டிக்கு இடம் கிடைக்குமா, அண்ணி?" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று நிலக்காரி மாதிரி பதில் சொன்னேன். எனக்கே சிரிப்பு வந்தது.

பள்ளிக்கூடத்தில்தான் வாசித்தார்கள். உன் மாமா பாடம் நடத்திய அறை. ஹாஜ் தாவூத் பனியில் ஆற்றுப்பாதை வழியாக வந்து பென்னாசர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஃபாதிமாவும் பெண்கள் கொஞ்சம் பேரும் சுவரோரமாக நின்றார்கள். பெரிய எழுத்தர் வயதானவர், மெதுவாகத்தான் வாசித்தார். "தஃபேலாவைச் சேர்ந்த மறைந்த மோஹா விட்டுச் சென்ற பிள்ளைகள் இருவர். மகன் ஸாயித், மகள் யெத்தோ."

அதற்குப் பிறகு நான்கு எல்லை, குத்தகை, நிபந்தனை என்று நிறைய வாசித்தார். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. முடித்துவிட்டு, "சம்மதமாம்மா?" என்று கேட்டார்.

"முதல் வரிய இன்னொரு தடவ வாசிங்க" என்றேன்.

"ஏன், தப்பா இருக்கா?"

"இல்ல. சரியா இருக்கு. அதான் கேக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஹாஜ் தாவூத் தலையைக் குனிந்துகொண்டார். எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறை முழுவதும் கேட்கும்படி இன்னொரு தடவை வாசித்தார். அப்பாவுக்குப் பிள்ளைகள் இருவர், தம்பி. நீ அங்கே இல்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன் அக்கா,
மோஹா மகள் யெத்தோ